முள் இறங்கும் வரை

என் கணவர் வாழ்நாளில் செய்த ஒரே ஊதாரித்தனம் அந்தக் கார்தான். நெல் கமிஷன் மண்டியில் ஒரு சாக்குக்கு அரைமணி நேரம் வாதாடுகிற மனுஷர், கல்யாணமான புதிதில், மலையில் ஏதோ தேயிலைத் தோட்டத்து பங்களாவில் கிடந்த பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தஞ்சாவூரில் எங்கள் வாசலில் இறக்கினார். சிவப்பு நிறம். இரண்டே இருக்கை. கூரை என்று ஒரு துணி இருந்தது. அதுவும் முதல் ஐப்பசி மழையிலேயே கிழிந்து போயிற்று.

"மாடிப்படிக்குக் கைப்பிடி வைங்கன்னு தலையால அடிச்சுக்கறேன். நீங்க மூடி இல்லாத காரை வாங்கிட்டு வந்து நிக்கறீங்க" என்றேன். கைப்பிடி இன்றுவரை வரவில்லை.

அந்தக் கார் கடைசியில் எதற்கு உபயோகப்பட்டது என்றால், மாப்பிள்ளை அழைப்புக்கு. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மேளதாளத்தோடு ஊர்வலமாக அழைத்து வருவார்கள். அதற்குத் திறந்த கார் வேண்டும். ஜில்லாவிலேயே அதற்கு லாயக்கான கார் எங்கள் ஷெட்டில்தான் நின்றது. மாப்பிள்ளை இருக்கையில் உட்கார மாட்டார். பின்னால் கூரைத் துணி மடித்து வைக்கிற மேட்டில் ஏறி, கால்களை இருக்கையில் ஊன்றிக்கொண்டு உற்சவர் மாதிரி உட்காருவார். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பட்டுச் சட்டையில் என் கணவர். மறுநாள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அதே மேட்டில் உட்காரவைத்து வீடுவரை கொண்டு விடுவதும் அவர்தான். வாடகை கிடையாது; ஒரு தாம்பூலப் பையோடு திரும்பி வருவார். நூற்றிருபது வரை எழுதியிருந்த ஸ்பீடாமீட்டரில், ஊர்வலங்களில் முள் ஐந்தைத் தாண்டியிருக்காது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வேகமாகப் போவதற்கென்று செய்த எஞ்சின் அது. காற்று முகத்தில் அடித்தால்தான் ரேடியேட்டர் குளிரும். நடக்கிற வேகத்தில், அதுவும் ஒவ்வொரு முனையிலும் நாதஸ்வரக்காரர் நின்று ஒரு ராகத்தை முழுசாக ஆலாபனை செய்துவிட்டுத்தான் நகருவார் என்கிற நிலையில், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொதித்து முன்பக்கம் புஸ்ஸென்று ஆவி கிளம்பிவிடும். டாஷ்போர்டில் தண்ணீரின் சூட்டைக் காட்ட ஒரு வட்டம் இருக்கிறது. ஆனால் ஊர்வலம் நடப்பது இருட்டிய பிறகு. வட்டங்களுக்கு உள்ளே இருக்கிற விளக்குகள் வாங்கும்போது ஏதோ மினுக்கிக்கொண்டிருந்தன. சில கல்யாணங்களுக்குப் பிறகு அதுவும் போயிற்று.

அவருக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவார். பாதத்துக்குப் பக்கத்துத் தகரம் எவ்வளவு சுடுகிறது என்பதை வைத்து, இந்த முனையில் எஞ்சினை நிறுத்த வேண்டுமா, அடுத்த முனைவரை தாங்குமா என்று சொல்லிவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு மாப்பிள்ளைக்குக்கூட ஆவி அடிக்கவிட்டதில்லை. அப்போதெல்லாம் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவர் போன பிறகு, நான் வெறுங்காலோடு அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் மலைத்துப் போனேன். எனக்கு அந்தத் தகரம் எப்போதுமே சுட்டது. அடுப்பில் வைத்த தோசைக்கல்லில் எது இளஞ்சூடு, எது கடுஞ்சூடு என்று காலால் எப்படிச் சொல்வது?

நான் வெறுங்காலோடு அந்த இருக்கையில் ஏன் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

அவருடைய தலைத் திவசம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னோடு ரிடையர் ஆனவள் ஒருத்தி. அவளும் நானும் வாடி போடி என்றுதான் பேசிக்கொள்வோம். அவளுடைய மகளுக்கு ஆவணியில் கல்யாணம், நன்னிலத்தில். பத்திரிகை வைக்க வந்தவள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "கார் வரணும்டி. என் பொண்ணு அந்தக் கார்லதான் மாப்பிள்ளை வரணும்னு அஞ்சாங்கிளாஸ்லேந்து சொல்லிக்கிட்டிருக்கா" என்றாள்.

"கார் வரும். ஓட்ட ஆளு?"

"நீதான். வாரா வாரம் பேட்டரி செத்துடக்கூடாதுன்னு நீதானே பைபாஸ் வரைக்கும் ஓட்டிட்டு வர்றே?"

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். கேலியாகச் சொல்லவில்லை. என் நெற்றி அவளுக்குத் தெரியாமல் இல்லை. புருஷனை இழந்தவள் புறப்படும்போது எதிரே வந்தாலே ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. அப்படி ஒருத்தி மாப்பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து ஊர்வலத்தையே நடத்திக்கொண்டு வருவதாவது!

"சம்பந்தியம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"கார் வரும்னு சொன்னேன். யாரு ஓட்டுவாங்கன்னு அவங்க கேக்கல. நானும் சொல்லல."

செய்தி என் கொழுந்தனாருக்கு எப்படிப் போயிற்றோ, மறுநாளே வந்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பதை ஊருக்கு முன்பே சொல்லிவிடுகிறவர். "நல்லா யோசிங்க அண்ணி. வழியில வண்டி கொதிச்சு நின்னுதுன்னா வண்டியயா சொல்லுவாங்க? நாளைக்கு அந்தப் பொண்ணு வாழ்க்கையில ஒரு சின்ன கஷ்டம் வந்தாக்கூட உங்களத்தான் சொல்லுவாங்க. நான் ஒரு டிரைவர அனுப்பறேன்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "முதல்ல அந்த டிரைவர ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க பாப்போம்" என்றேன். அவர் அனுப்பிய டிரைவர் வந்தார். கியரை எங்கே தள்ளினாலும் கறக் கறக் என்றது. ஷெட்டை விட்டு வெளியே எடுக்க முடியாமல், "இது வண்டி இல்லீங்க, வேண்டுதல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் பயந்தேன். ஊர் பேசும் என்பதற்கல்ல. வண்டி கொதித்து, அந்தப் பேச்சு அந்தப் பெண்ணின் கூடவே காலமெல்லாம் போகுமே என்பதற்குப் பயந்தேன். ஆவி வரக்கூடாது என்றால் முள்ளைப் பார்க்க வேண்டும். என் காலுக்கு அவருடைய வித்தை வராது. முள்ளைப் பார்க்க வேண்டும் என்றால் விளக்கு எரிய வேண்டும். ஆகவே விளக்கைச் சரிசெய்வது என்று உட்கார்ந்தேன்.

துணைக்கு லைட் செட்காரரைக் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கல்யாணங்களில் என் கணவர் காரை ஓட்ட, இவர் அதற்கு சீரியல் பல்பு கட்டுவார். இருவரும் அப்படிச் சிநேகம். வந்தவர் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, வெளியே எடுக்காமலே, "அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றார்.

"என்ன?"

"இந்த மீட்டர் லைட்டுக்குப் போற கம்பியிலேந்துதான் நான் சீரியல் செட்டுக்கு லைன் எடுத்திருக்கேன். முப்பது நாப்பது கல்யாணத்துக்கு."

"உருப்பட்டுடும். வேற யாரு கண்ணு வேணும் இதுக்கு" என்றேன்.

ஆனால் கோளாறு அதோடு நிற்கவில்லை. முன் கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போர்டின் மேல் இரண்டு நீளத் துவாரங்கள் உண்டு. கண்ணாடியில் பனி படிந்தால் சூடான காற்று அடிப்பதற்காம். தஞ்சாவூரில் எந்தப் பனி? முப்பது வருஷமாக அந்தத் துவாரங்களுக்கு வேறு உத்தியோகம் இருந்திருக்கிறது. அது ஸ்பீடாமீட்டரை வெளியே இழுத்தபோதுதான் தெரிந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு பெரிய பந்து, மெத்தென்று, என் மடியில் விழுந்தது.

எலிக்கூடு. எலி காலி செய்துவிட்டுப் போய் ரொம்ப நாளாகியிருந்தது. கூட்டைப் பிரித்தேன். வாழைநார், மாலையில் சுற்றுகிற ஜிகினாத் தாள், காய்ந்து கருத்த ரோஜா இதழ்கள், சம்பங்கி. இவற்றுக்கு நடுவே மஞ்சள் அரிசி. அட்சதை. மண்டபத்து வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறும்போது நாலு பக்கத்திலிருந்தும் போடுகிற அட்சதை, அந்தத் துவாரங்கள் வழியாக உள்ளே இறங்கி, கல்யாணம் கல்யாணமாகச் சேர்ந்திருக்கிறது. நெல் விளைகிற ஊரில் அரிசி இருக்கிற இடத்துக்கு எலி வராமல் இருக்குமா? வந்தது, தின்றது, மிச்சத்தில் படுத்துத் தூங்கியது, பொழுது போகாதபோது கம்பியைக் கடித்தது. சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட கம்பி ஒன்று, துணியுறை போய், செம்பு தெரிய, நாலு இடத்தில் அறுந்து கிடந்தது.

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இருந்த அரிசியில் பாதி இன்னும் மஞ்சள் நிறம் மாறாமல் இருந்தது. எத்தனை பேர் கை! எத்தனை அத்தை, எத்தனை மாமன், எத்தனை ஊர்! நல்லா இருக்கணும் என்று சொல்லிப் போட்டது அத்தனையும் இந்தத் தகரத்துக்குப் பின்னால் இருட்டில் கிடந்திருக்கிறது. அதைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. லைட் செட்காரரும் அரிசியைப் பொறுக்கித் தனியாக வைத்தார். சாயங்காலம் அதைக் கொண்டுபோய் வெண்ணாற்றில் விட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த நாள் வேலை ஆரம்பித்தோம். அவர் டூவீலர் கடையிலிருந்து புது எல்ஈடி பல்புகள் வாங்கி வந்திருந்தார். கம்பியை மாற்றி, பல்புகளை அதனதன் குழியில் பொருத்தி, சுவிட்சைத் தள்ளினால், ஒன்றுகூட எரியவில்லை. பல்பு ஐந்தும் போலி என்றார். கடைக்காரனைக் கொன்றுபோடுகிறேன் என்று கிளம்பினார். நான் பேட்டரியைப் பார்த்தேன். வாரா வாரம் பார்க்கிற பேட்டரிதான்; ஆனால் அன்றுதான் கவனித்தேன். எல்லா வண்டியிலும் பேட்டரியின் மைனஸ் கம்பிதான் வண்டியின் உடம்போடு சேரும். இதில் பிளஸ் சேர்ந்திருந்தது.

"தம்பி, நில்லுங்க. இது எங்க எக்ஸ்சேஞ்சு மாதிரி" என்றேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலும் பிளஸ்தான் பூமிக்குப் போகும். செம்புக் கம்பி அரிக்காமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. முப்பத்தைந்து வருஷம் அந்த உலகத்தில் இருந்துவிட்டு வந்தவள் நான். வெளியே எல்லாரும் மைனஸ் என்கிற ஊரில், என் வீட்டு ஷெட்டிலேயே அந்த உலகத்துப் பிராணி ஒன்று இருந்திருக்கிறது. எல்ஈடிக்குத் தலைகால் முக்கியம். மாற்றிக் கொடுத்தால் எரியாது. பழைய இழை பல்புக்கு அந்தக் கவலை இல்லை, எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும். இழை பல்பையே போடுவோம் என்றேன்.

"அது மங்கலா எரியுமேக்கா. கல்யாண வேலை. பளிச்சுனு வேணாமா?"

"பளிச்சுனு நீங்க வெளிய கட்டுங்க. உள்ள நான் பாத்துக்கறேன்."

மங்கலுக்குக் காரணம் பல்பு இல்லை என்று எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு மீட்டரையும் கழற்றி, முகத்துக் கண்ணாடியை எடுத்து உள்ளே பார்த்தேன். அப்போதுதான் அதைச் செய்தவர்களின் யோசனை புரிந்தது. பல்பு நேராக எழுத்தின் மேல் அடிப்பதில்லை. கூட்டின் ஓரத்தில் ஒளிந்துகொண்டு, ஒரு சின்னப் பச்சைக் கண்ணாடித் துண்டு வழியாக, கூட்டின் உள்சுவரில் அடிக்கிறது. அந்தச் சுவர் வெள்ளையாக இருந்தால்தான் வெளிச்சம் அங்கிருந்து திரும்பி எழுத்துக்கு வரும். எங்கள் மீட்டர்களில் அந்தச் சுவர் எலி மூத்திரமும் குங்குமத் தூசியும் பன்னீர்க் கறையும் சேர்ந்து காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. துடைத்து, ஜன்னல் கம்பிக்கு அடித்தது போக மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்டைச் சின்ன பிரஷால் உள்ளே பூசிக் காயவைத்தேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகில் களிம்பு ஏறியிருந்தது. எக்ஸ்சேஞ்சில் ரிலே முனைகளைச் சுத்தம் செய்கிற மாதிரி, காகிதத்தை நீளமாக வெட்டி இடுக்கில் விட்டு இழுத்து இழுத்துத் துடைத்தேன். இரண்டு நாள் சமையல் இல்லை. மோர் சாதம்தான்.

எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி முடித்தபோது மத்தியானம் மூன்று மணி வெயில். ஷெட் கதவைச் சாத்தச் சொன்னேன். லைட் செட்காரர் சாத்திவிட்டு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். நான் சுவிட்சைத் தள்ளினேன்.

எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. முள் தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இருட்டுக்குள்ளிருந்து ஐந்து வட்டங்கள் எழுந்து வந்தன. பச்சை என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் சொல்ல முடியாது. நாற்று விட்டு ஒரு வாரம் ஆன பாத்தியில் விடியற்காலையில் இருக்குமே, அந்த நிறம். பல்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எண்கள் தாமாகவே ஒளிர்கிற மாதிரி இருந்தது. முட்களின் நிழல்கூட விழவில்லை. திருகைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் தணிந்து, தணிந்து, அணையாமல் ஒரு மூச்சு அளவுக்கு நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"ஊர் பூரா லைட்டு போட்டிருக்கேன்க்கா. இப்படி ஒண்ண நான் போட்டதில்ல" என்றார் அவர், ரகசியம் பேசுகிற குரலில்.

எங்கேயோ, யாரோ, இருட்டில் வண்டி ஓட்டப் போகிற முகம் தெரியாத ஒருவரின் கண் கூசக்கூடாது என்று இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். அதன் மேல் நாங்கள் முப்பது வருஷம் அரிசி போட்டு எலி வளர்த்திருக்கிறோம். பாவி மனுஷன், இதைப் பார்க்காமலே போய்விட்டாரே என்று எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அழுதேன். லைட் செட்காரர் மரியாதையாக அடுத்த பக்கம் திரும்பி ஷெட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழைப்பு நாளன்று மத்தியானமே தஞ்சாவூரிலிருந்து கிளம்பிவிட்டேன். நீடாமங்கலம் தாண்டியதும் குறுவை அறுப்பு. பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள், மீதி ரோட்டில் அறுப்பு மிஷின் வந்தது. அதையெல்லாம் தாண்டியதும், என் கையில் முதன்முறையாக முள் நாற்பதைத் தொட்டது. வண்டிக்கும் காற்று கிடைத்தது, எனக்கும் கிடைத்தது. சூட்டு முள் சமத்தாக நடுவில் நின்றது. நன்னிலத்தில் பிள்ளையார் கோயில் வாசலில் கொண்டு நிறுத்தியபோது சாயங்காலம் ஆகியிருந்தது. லைட் செட்காரர் தனி பேட்டரியில் சீரியல் செட்டைக் கட்டி முடித்தார். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

முதல் தெருவில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லாருக்கும் மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் கண். இரண்டாவது தெருவில் பெண்கள் பேசிக்கொள்வது தெரிந்தது. இன்னார் சம்சாரம் என்று ஒரு குரல், ஐயையோ என்று இன்னொரு குரல். நான் முள்ளை மட்டும் பார்த்தேன். குளத்து முனையில் நாதஸ்வரக்காரர் நின்றார். சுற்றிலும் கூட்டம், மேலே ட்ரோன் வேறு. ராகம் விரிந்துகொண்டே போயிற்று, முள்ளும் ஏறிக்கொண்டே போயிற்று. அந்த மீட்டரின் பாரன்ஹீட் கணக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு என்றால் தண்ணீர் கொதிக்கிற இடம். முள் அதற்கு ஒரு நெல் அகலம் கீழே இருந்தது. நான் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

சத்தம் நின்றதும்தான் எல்லாரும் திரும்பினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். "என்ன, வண்டி நின்னுபோச்சா?"

"நிக்கல. நான் நிறுத்தியிருக்கேன். இங்க பாருங்க" என்று அந்த வட்டத்தைக் காட்டினேன்.

அவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. "ஏய், இங்க வாயேன், இதப் பாரேன்" என்று யாரையோ கூப்பிட்டார். நாலு தலைகள் வந்தன. மாப்பிள்ளையே மேலிருந்து கழுத்தில் மாலையோடு முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தார். எஞ்சினை நிறுத்திய உடனே சூடு முதலில் கொஞ்சம் ஏறும், பிறகுதான் இறங்கும். எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. முள் ஏறியது. "ஏறுது, ஏறுது" என்றார் சித்தப்பா. எனக்குத் தெரிந்திருந்தும் மனசுக்குள் கோடுகளை எண்ணினேன். அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் அம்மா வந்து என் பக்கத்துக் கதவருகே நின்றார். பள்ளிக்கூட டீச்சர் என்று என் சிநேகிதி சொல்லியிருந்தாள். அவர் முதலில் என் நெற்றியைப் பார்த்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தார். அவர் பார்வை கடைசியாக அந்தப் பச்சை வட்டத்துக்குப் போயிற்று.

"எப்ப எறங்கும்?" என்று கேட்டார்.

"அவரை வாசிக்கச் சொல்லுங்க. எறங்கிடும்" என்றேன்.

நாதஸ்வரக்காரர் வாசித்தார். வாசித்தபடியே அவரும் ஒரு எட்டு முன்னால் வந்து முள்ளைப் பார்த்தார், தவில்காரரும் பார்த்தார். ஒரு ஊரே ஒரு முள் இறங்குவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். அத்தனை முகத்திலும் அந்த மெல்லிய பச்சை விழுந்திருந்தது. எனக்கு ஒரு கணம் பயமே போய்விட்டது. முள் அசைந்தது. ஒரு கோடு கீழே வந்தது. இன்னொரு கோடு. சித்தப்பா கை தட்டியேவிட்டார். நான் ஸ்டார்ட்டரை இழுத்தேன். ஒரு இருமல், இரண்டு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது.

மண்டபத்து வாசல் கொஞ்சம் சரிவு. ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருந்தார்கள். அந்தச் சடங்கில் எனக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். யாரும் சொல்வதற்கு முன்னால் விலகிவிடுவது பழக்கமாகிவிட்டது. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தேன்.

"எங்க எறங்கறீங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா அதட்டினார். "எம் புள்ள மேல உக்காந்திருக்கான், வண்டி உருண்டுடப் போகுது. பிரேக்கப் புடிச்சுக்கிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தேன். காலால் பிரேக்கை அமுக்கிக்கொண்டேன். ஆரத்தித் தட்டு காரைச் சுற்றி மூன்று முறை போயிற்று. காருக்குள் மாப்பிள்ளையும் இருந்தார், நானும் இருந்தேன்.

மாப்பிள்ளையை இறக்கி உள்ளே அழைத்துப் போன பிறகு அந்த அம்மாள் மட்டும் திரும்பி வந்தார். "நாளைக்குப் பொண்ணு மாப்பிள்ளைய வீட்டுக்கு அழைச்சுக்கிட்டுப் போகணும். நீங்க எத்தன மணிக்கு வண்டிய எடுப்பீங்கம்மா?"

என் கணவர் போனதிலிருந்து என்னிடம் நேரம் கேட்டவர்கள் உண்டு. டாக்டர் வீட்டில் கேட்டார்கள், பாங்கில் கேட்டார்கள், திவசத்துக்குச் சாஸ்திரிகள் கேட்டார். கல்யாண காரியத்துக்கு நேரம் கேட்டவர்கள் ஒருவரும் இல்லை. "ராகு காலம் எப்போ?" என்று கேட்டேன்.

"ஒண்ணரையிலேந்து மூணு."

"அப்போ ஒரு மணிக்கு எடுத்துடறேன்."

"ஒண்ணு" என்று அவர் தலையாட்டினார். "ஆனா சாப்பிட்டுட்டுத்தான் எடுக்கணும். மொதப் பந்தியில எம் பக்கத்துல உக்காருங்க."